சிட்னிப் பறவைகளுக்கு எங்களூர்ப் பெயர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வந்த சிட்னிப் பயணக் கட்டுரையை விரும்பி வாசித்தேன். கோயில், கடைத்தெரு, கடற்கரை என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் சுவையாகச் சொல்லியிருந்தார். என்னை எழுத வைத்தது கூடவே வந்த பறவைப் படங்களும் அவற்றின் கீழே போட்டிருந்த பெயர்களும்தான். "அவுஸ்திரேலிய மைனா" என்ற படத்தில் இருப்பது மைனா அல்ல. "வெள்ளைக் கழுத்துக் காகம்" காகமே அல்ல. "இருவாச்சி" என்று போட்டது இருவாச்சியாக இருக்க வழியே இல்லை. அந்தக் கண்டத்தில் இருவாச்சி கிடையாது.

குற்றம் பிடிப்பது என் நோக்கம் அல்ல. தெரியாத பறவையைக் கண்டதும் ஊரில் தெரிந்த ஒன்றின் பெயரை அதற்கு வைத்துவிடுவது எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலை. மகள் குடும்பம் சிட்னியின் மேற்குப் புறத்தில் இருப்பதால் நானும் இடைக்கிடை அங்கே போய்த் தங்குகிறவன். பெண்டில் ஹில், வென்ட்வேர்த்வில் பக்கத்துப் பூங்காக்களில் காலை நடைக்கு வரும் அப்பாக்கள், அம்மாக்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு பறவையைப் பற்றி ஒரு தீர்ப்பு இருக்கும். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வேறு என்னத்தைப் பேசுவது?

நான் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கந்தளாயில் இருந்து புல்மோட்டை வரை காடு மேடெல்லாம் நடந்த தொழில். நிலத்தில் நிற்கும்போது கண்டதைக் கண்டபடி களப் புத்தகத்தில் எழுத வேண்டும், கணக்கும் வரைபடமும் கந்தோருக்கு வந்த பிறகுதான் என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தந்த பாடம். முடிவை முதலில் மனதில் வைத்துக்கொண்டு அளந்தால் எல்லைக்கல் இடம் மாறிவிடும். பறவைக்கும் நான் அதையே செய்கிறேன். பெயரைத் தேட முதல் பருமன், அலகு, கால், கண், வால், நடை, நின்ற இடம் என்று கண்டதை எழுதிவிடுவேன். நிறத்தைக் கடைசியில்தான் எழுதுவேன். வெயிலுக்கு எதிரே நிற்கும் எந்தப் பறவையும் கறுப்புத்தான். அங்கே நடுப்பகல் சூரியன் வடக்கு வானத்தில் நிற்கும் என்பதையும் திருகோணமலைக்காரர் மறந்துவிடக்கூடாது.

மைனாவுக்கு வருகிறேன். எங்களூர் மைனா சிட்னியிலும் உண்டு. மரக்கறித் தோட்டங்களில் பூச்சியைத் தின்னட்டும் என்று 1862இல் அதை மெல்பேர்ணில் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பூச்சியைவிடக் குப்பைத்தொட்டி நன்றாகப் பிடித்துக்கொண்டது. இன்று கிழக்குக் கரை நகரங்கள் எல்லாம் அதுதான். மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டு உள்ளூர்க் கிளிகளைத் துரத்துகிறது என்று அந்த நாட்டவருக்கு அதன்மேல் தீராத கோபம். ஆனால் உங்கள் படத்தில் இருப்பது அதுவல்ல. நொய்சி மைனர் என்று அங்கே சொல்கிற, அந்த மண்ணுக்கே உரிய, பூந்தேன் குடிக்கும் குடும்பத்துப் பறவை. சட்டப் பாதுகாப்பும் அதற்கு உண்டு. மைனா பிடிக்கிறோம் என்று கூடு வைப்பவர்கள் இதைப் பிடித்தால் பிழை பிழைதான்.

இரண்டுக்கும் மஞ்சள் அலகு, மஞ்சள் கால், கண்ணோரத்தில் மஞ்சள் தோல். ஆகவே மஞ்சளை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். மைனாவின் உடல் மண்ணிறம், மற்றதன் உடல் சாம்பல். மைனா பறந்தால் செட்டையில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று விரியும், மற்றதில் அது இல்லை. மைனா சோடியாகக் கடை வாசலில் நடந்து திரியும். நொய்சி மைனர் பட்டாளமாக மரத்தில் நின்று பூனையோ, காகமோ, தன்னிலும் பல மடங்கு பெரிய குக்கபரா என்ற மீன்கொத்தியோ, எது வந்தாலும் ஏசி ஏசித் துரத்தும். இந்தச் சண்டித்தனத்தால் சிறு பறவைகள் காட்டை விட்டே போகின்றன என்று 2014இல் அந்நாட்டு மத்திய அரசு இதை ஓர் அச்சுறுத்தலாகவே பட்டியலில் சேர்த்தது. உள்ளூர்ப் பறவை என்றால் சாது என்று நினைக்க வேண்டாம்.

பூங்காவில் வவுனியா ஐயா ஒருவர் இதைக் காட்டி, "தம்பி, இது எங்கட மைனாதான். இங்கத்தக் குளிருக்கு வெளிறிப் போச்சு" என்றார். "ஐயா, அது பறக்கேக்க செட்டையைப் பாருங்கோ" என்றேன். பக்கத்தில் நிஜ மைனா ஒன்றும் நின்றது நல்லதாய்ப் போயிற்று. இரண்டும் எழும்பிப் பறந்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் தன் மனைவியைக் கூட்டிவந்து, நான் சொன்னதை எனக்கே விளங்கப்படுத்தினார்.

இனி அந்தக் காகம். சிட்னியில் கறுப்பும் வெள்ளையுமாகத் திரிகிற பறவைகள் பல. எல்லாவற்றையும் எங்கள் ஆட்கள் ஒரே பெயருக்குள் போட்டுவிடுகிறார்கள். உங்கள் படத்தில் நிற்பது மக்பை. பிடரியில் வெள்ளை, நீலச் சாம்பல் அலகு, அலகு நுனி மட்டும் கறுப்பு, வளர்ந்த பறவையின் கண் செம்மண்ணிறம். அது புல்லில் இரை தேடுவதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கோழி மாதிரி நாலடி நடக்கும், நிற்கும், தலையை ஒரு பக்கம் சரித்து அப்படியே அசையாமல் இருக்கும். புல்லுக்குக் கீழே புழு அரிக்கிற சத்தத்தைக் காதால் கேட்கிறது. பிறகு அலகு முழுவதையும் மண்ணுக்குள் இறக்கி, வெள்ளைப் புழுவை இழுத்து எடுக்கும். காகம் இந்த வேலைக்குப் போகாது. அதன் பாட்டும் காகத்தின் பாட்டு அல்ல, குழலுக்குள் தண்ணீரை விட்டு ஊதியது போன்ற இசை.

மக்பையைவிடச் சற்றுப் பெரிதாக, முழு அலகும் கறுப்பாக, கண் மஞ்சளாக இருந்தால் அது கரவோங். முதுகில் வெள்ளை இருக்காது. செட்டையிலும் வால் அடியிலும் நுனியிலும் மட்டும் வெள்ளை. மைனாவைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெல்லிய வெளிறிய அலகோடு, நடக்க நடக்கத் தலையை ஆட்டினால் அது மக்பை லார்க். அதில் ஆணுக்குத் தொண்டை கறுப்பு, பெண்ணுக்குத் தொண்டை வெள்ளை. மூன்றுக்கும் கண்ணே போதும். படத்தைப் பெருப்பித்துக் கண்ணைப் பாருங்கள். அங்கத்தைய நிஜக் காகத்துக்கும் வளர்ந்தபின் கண் வெள்ளை. ஊர்க் காகத்தின் கறுத்த கண்ணைப் பார்த்துப் பழகியவருக்கு முதலில் அது கொஞ்சம் பயமாக இருக்கும். கத்தும்போதும் கடைசிக் குரலை இழுத்து இழுத்து, பிள்ளை அழுகிற மாதிரி முடிக்கும்.

இன்னொன்று: சிட்னி மக்பைக்கு முதுகு கறுப்பு, மெல்பேர்ண் மக்பைக்கு முதுகு வெள்ளை. ஒரே இனம், ஊர் வேறு. படத்தின் கீழே ஊர்ப் பெயர் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான். எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பக்கத்து மரங்கொத்தியின் முதுகு பொன் மஞ்சள், தெற்கே போனால் முதுகு சிவப்பு, திருகோணமலைப் பக்கம் இரண்டும் கலந்த நிறத்தில் வருகிறது. எங்கே பார்த்தது என்று சொல்லாமல் நிறத்தை மட்டும் சொன்னால் இங்கேயே குழம்பிப் போவோம்.

மரங்கொத்தி என்றதும் இருவாச்சிக் கதை நினைவுக்கு வருகிறது. அவுஸ்திரேலியாவில் மரங்கொத்தியும் கிடையாது. மரத்தில் தொற்றி ஏறும் சிறு பறவையைக் கண்டு மரங்கொத்தி என்று சொல்லும் தமிழரை நான் அங்கே நிறையச் சந்தித்திருக்கிறேன். ஒரு நாட்டில் என்ன இருக்கிறது என்பதைப் படிக்கும் அதே நேரத்தில் என்ன இல்லை என்பதையும் கொஞ்சம் படித்துக்கொண்டு போனால் பாதி வேலை குறையும். உங்கள் படத்தில் உள்ள சாம்பல் உடலும், வளைந்த பெரிய அலகும், கண்ணைச் சுற்றிய சிவப்புத் தோலும் கொண்ட பறவை, சனல்பில்ட் குக்கூ என்கிற குயில் வகை. வால் நீளம், பறக்கும்போது சிலுவை போன்ற உருவம், சுமார் 60 சென்ரிமீற்றர். பிறர் கூட்டில் முட்டையிடும் பறவைகளில் உலகத்திலேயே பெரியது இதுதான். சோமாவதிப் பக்கத்துக் காட்டில் இருவாச்சியைப் பார்த்த கண்ணுக்கு அந்த அலகு ஏமாற்றம் தரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருவாச்சி அலகின் மேல் இருக்கும் அந்தப் புடைப்பு இதற்கு இல்லை.

குயிலைச் சொல்லாமல் சிட்னியை விட முடியாது. எங்கள் குயிலின் நெருங்கிய உறவு ஒன்று செப்டெம்பர், ஒக்டோபரில் நியூகினிப் பக்கமிருந்து அங்கே வந்து இறங்கும். ஆண் கறுப்பு, கண் சிவப்பு, குரல் அச்சொட்டாக எங்களூர்க் குரல்தான். விடிய மூன்று மணிக்கே தொடங்கிவிடும். சித்திரை வருஷத்துக்குக் கேட்கிற குரல் அங்கே ஐப்பசியில் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு ஊர் ஞாபகம் வந்து கண் கலங்குகிறது. நித்திரை குழம்பிய வெள்ளைக்காரர் அதைத் திட்டுகிறார்கள். என் மருமகனும் திட்டுகிற பக்கம்தான். ஆனால் பெண் குயிலைப் பாருங்கள்: எங்களூர்ப் பெண் உடம்பெல்லாம் புள்ளி, அங்கத்தைய பெண்ணுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி. காகக் கூட்டில் குயில் முட்டையிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததும் அங்கே செல்லாது. அந்தக் குயில் தேடுவது வாட்டில்பேர்ட், மக்பை லார்க் போன்றவற்றின் கூடுகளை. காகத்தின் கூடு மேலே சொன்ன பெரிய அலகுக்காரிக்கு.

எல்லாமே வேறு என்று சொல்லவும் வரவில்லை. கோணேசர் கோயில் மலையில் நின்று கடலைப் பார்த்தால் வெள்ளை வயிறும் ஆப்பு மாதிரி வாலும் கொண்ட கடற்கழுகு காற்றில் மிதப்பதைக் காணலாம். அதே இனம், எழுத்துக்கு எழுத்து அதே பறவை, சிட்னி ஒலிம்பிக் பூங்காவின் காட்டில் கூடு கட்டுகிறது. கமெரா பூட்டி அந்தக் கூட்டை உலகத்துக்கே காட்டுகிறார்கள். இளம் கழுகு முழுவதும் மண்ணிறமாக இருக்கும், வெள்ளை வர நாலைந்து வருஷம் செல்லும். அதை வேறு இனம் என்று அங்கேயும் சொல்கிறார்கள், இங்கேயும் சொல்கிறார்கள். குப்பைத்தொட்டி கிண்டும் வெள்ளை அரிவாள் மூக்கன் எங்கள் வயல் அரிவாள் மூக்கனுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். தம்பலகாமத்து வயலில் மரியாதையாக நடக்கிற பறவையின் இனத்தான், அங்கே பிள்ளையின் கையிலிருந்து சான்ட்விச்சைப் பறிப்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆக்காட்டிக்கும் அங்கே உறவு உண்டு. முகத்தில் மஞ்சள் தோல் தொங்கும், செட்டையில் முள் இருக்கும், விளையாட்டு மைதானத்தின் நடுவிலேயே முட்டையிட்டுவிட்டுப் பந்தெடுக்க வருகிறவனைத் துரத்தும்.

உண்மையில் கடினமானவை கரைப் பறவைகள். ஒலிம்பிக் பூங்காவை ஒட்டிய ஹோம்புஷ் சதுப்பில் செப்டெம்பர் தொடங்கி ஏப்பிரல் வரை உள்ளான் வகைகள் வந்து நிற்கும். வடதுருவப் பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை. அந்த மாதங்களில் எல்லாமே சாம்பல் உடுப்பு. நிலாவெளி உப்பளப் பக்கமும் பெரியகரைச்சிக் களப்பிலும் அதே மாதங்களில் நிற்பவையும் அப்படித்தான். அலகு கீழ்நோக்கி வளைந்த, பறக்கும்போது வால் அடியில் வெள்ளை தெரிகிற ஓர் உள்ளான் இரண்டு இடத்துக்கும் பொது. சைபீரியாவில் இருந்து ஒரு பங்கு மத்திய ஆசியா வழியாக எங்களிடம் வருகிறது, இன்னொரு பங்கு சீனக் கரை வழியாக அவுஸ்திரேலியாவுக்குப் போகிறது. அங்கே அது மிக ஆபத்தில் உள்ள இனம் என்று பட்டியலில் இருக்கிறது. சீனா, கொரியா இடையிலான மஞ்சள் கடலில், வழியில் இறங்கித் தின்னும் சேற்று நிலங்களை நிரப்பிக் கட்டியது ஒரு பெரிய காரணம்.

இந்த இடத்தில் நிறம் ஒன்றுக்கும் உதவாது. அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிட வேண்டும். ஒன்றரை மடங்கா, இரண்டு மடங்கா? நேரா, மேலே வளைந்ததா, கீழே வளைந்ததா? காலின் நிறம் என்ன? சேற்றில் தையல் இயந்திரம் போலக் குத்திக் குத்தித் தின்கிறதா, ஓடி நின்று கொத்துகிறதா? மேலே வளைந்த நீண்ட அலகோடு நிற்கும் கொட்விட் என்ற பறவையைப் பார்த்தால் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். அந்த இனத்தின் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று 2022 ஒக்டோபரில் அலாஸ்காவில் எழும்பி, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீற்றர் பறந்து தாஸ்மேனியாவில் இறங்கியது. உடலில் பூட்டியிருந்த கருவி வழியாக ஆராய்ச்சியாளர்கள் அதைத் தொடர்ந்து பார்த்தார்கள்.

இவ்வளவும் எதற்கு, போனில் செயலி இருக்கிறதே என்பார்கள் இளைஞர். இருக்கிறது, நானும் பாவிக்கிறேன். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து மேர்லின் இலவசம், நல்லது. ஆனால் அது கேள்வி கேட்கிற ஒழுங்கைக் கவனியுங்கள்: எங்கே பார்த்தாய், எப்போது பார்த்தாய், எவ்வளவு பருமன். அதற்குப் பிறகுதான் நிறம், அதற்கும் பிறகு என்ன செய்துகொண்டு நின்றது. எங்கள் ஆட்கள் இடத்தையும் திகதியையும் பார்க்காமல் தட்டிவிட்டு, மங்கல் படம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அது சொன்ன முதல் பெயரை வட்ஸ்அப்பில் போடுகிறார்கள். செயலி தருவது ஒரு பட்டியல். அதில் எது என்று தீர்மானிக்க நீங்கள் பார்த்துக் குறித்தது கையில் இருக்க வேண்டும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வாசகர்கள் பறவைப் படம் அனுப்பினால் ஊர், மாதம், நின்ற இடம், காகத்தைவிடப் பெரிதா சிறிதா என்ற விபரங்களையும் கேட்டு வாங்கிப் படத்தின் கீழே போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பெயரில்லாமலே போடுங்கள், பிழையான பெயரைவிட அது நல்லது. தெரிந்தவர்கள் எழுதுவார்கள். கொழும்பில் 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழு இருக்கிறது, எங்கள் கிழக்கிலும் கமெராவோடு திரியும் இளைஞர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். ஒவ்வொரு ஒக்டோபரிலும் அவுஸ்திரேலியாவில் சாதாரண மக்கள் வீட்டு வளவில் 20 நிமிடம் நின்று கண்ட பறவைகளை எண்ணி அனுப்புகிறார்கள். பேர்ட்லைஃப் அவுஸ்திரேலியா என்ற அமைப்பு இந்தக் கணக்கெடுப்பை 2014இல் தொடங்கியது. அந்த மாதிரி ஒன்றை உங்கள் பத்திரிகை மூலமே இங்கும் செய்யலாம். வாடைக்காற்று தொடங்கக் கரைப் பறவைகள் வந்துவிடும், அதற்குள் ஒரு மூலையை ஒதுக்கினால் போதும்.

வரும் மார்கழி விடுமுறைக்குச் சிட்னி போகிற வாசகர்களுக்கு ஒரு சொல். கொன்கோர்ட் வெஸ்ட் புகையிரத நிலையத்தில் இறங்கினால் பைசென்டெனியல் பூங்காவுக்கு நடந்தே போகலாம், அங்கிருந்து நீர்ப்பறவைக் குளத்துக்குப் பாதை இருக்கிறது. கடல் நீர் ஏறும் நேரம் பார்த்துப் போனால் உள்ளான்கள் குளத்துக்குள் ஒதுங்கி நிற்கும், இறங்கும் நேரம் போனால் சேற்றில் தூரமாய்ச் சிதறிவிடும். தொப்பி போடுங்கள், இலையான் தொல்லை இருக்கும். ஒகஸ்டில் இருந்து ஒக்டோபருக்குள் போகிறவர்கள் மக்பைக் கூடு உள்ள மரத்தடியைத் தவிர்த்து நடக்கவும். முகத்தை ஞாபகம் வைத்துத் தலையில் கொத்துகிற பறவை அது, விசாவையெல்லாம் பார்க்காது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.